கத்தரிப்பூ கலர் ஸ்வெட்டர்... ஒரு தோழி, ஒரு பூனை, ஓர் அம்மாயி!

"சென்னையில உட்கார்ந்துக்கிட்டு யாருக்குடி ஸ்வெட்டர் பின்னுற?"

போன நவம்பர் முழுக்க அலுவலகத்தில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் கேட்ட கேள்வி இது. கேட்டதில் தப்பே இல்லை. காலை வெப்பநிலை 20 டிகிரியைத் தொட்டாலே 'நடுங்கும் சென்னை' என்று தலைப்பு வைத்து செய்தி பதிவேற்றுகிற ஆட்கள் நாங்கள். அந்தத் தலைப்பை நானே இரண்டு முறை வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஊரில், நைட் ஷிஃப்ட்டில் செய்தி எதுவும் வராத இடைவெளியில் ஒருத்தி கம்பளி நூலையும் இரண்டு ஊசியையும் எடுத்து வைத்துக்கொண்டால், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தானே செய்யும்?

"குன்னூருக்கு" என்று மட்டும் பதில் சொல்வேன். ஊரைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் சொன்னது ஆளையும் சேர்த்துத்தான்.

வாராவாரம் ஆபீஸ் கதை, வாடகை வீட்டுக் கதை, மிக்கியின் அட்டகாசம் என்று உங்களோடு பேசிக்கொண்டிருக்கிற நான், இந்தக் கதையை மட்டும் ஒரு வருடத்துக்கும் மேலாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். 'ஸ்வெட்டர் முடியட்டும், அப்புறம் எழுதலாம்' என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். இப்போது சாக்கு இல்லை. ஸ்வெட்டர் முடிந்துவிட்டது. போன வாரம்தான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

எட்டாம் நம்பர் ஊசி

2021-ல் இதழியல் டிப்ளோமா சேர்ந்தபோது எங்கள் ஹாஸ்டலில் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். நான் 'திண்டிவனம்'. எதிர் அறையில் 'பரமக்குடி'. என் ரூம்மேட் 'குன்னூர்'. கடைசி வரைக்கும் நான் அவளை அப்படித்தான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

முதல் நாள் அவள் பெட்டியைத் திறந்தபோது துணிமணிகளுக்கு மேலே இரண்டு நீள ஊசிகள் இருந்தன. "என்னடி இது, ஆயுதமா?" என்றேன். "எட்டாம் நம்பர்" என்றாள், ஏதோ பஸ் ரூட் மாதிரி.

ஸ்வெட்டர் ஊசியில் ஒரு வேடிக்கை உண்டு. நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும். எட்டாம் நம்பர் 4 மில்லிமீட்டர் தடிமன், பன்னிரண்டாம் நம்பர் 2.75 மில்லிமீட்டர். உடம்புப் பகுதிக்குத் தடிமனான ஊசி. இடுப்பு, மணிக்கட்டு போன்ற கவ்விப் பிடிக்க வேண்டிய பட்டைகளுக்கு மெலிசான ஊசி. இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்றவர். இலங்கை மலையகத்தில் பிறந்தவர். 1964-ல் போடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களில் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து நீலகிரிக்கு வந்த குடும்பம். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. இன்று 'டான்டீ' என்கிறோமே, அதுதான். அந்தத் தோட்டம் ஒன்றில் அம்மாயி ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தார். பக்கத்து லைன் வீட்டு அக்காவிடம் பின்னல் கற்றுக்கொண்டார். ஊசி வாங்கக் காசில்லாத காலத்தில் சைக்கிள் சக்கரக் கம்பியின் முனையைக் கல்லில் தேய்த்து அதில் பின்னியிருக்கிறார்.

நீலகிரியின் கைவேலை என்றதும் நமக்கெல்லாம் தோடர்களின் சிவப்பு, கறுப்பு பூவேலைப்பாடுதான் நினைவுக்கு வரும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய கலை அது. ஆனால், குறியீடும் கண்காட்சியும் இல்லாமல் வீட்டு வாசல்களில் தினமும் நடக்கிற கைவேலை இந்த ஸ்வெட்டர் பின்னல். வாய் ஊர்க்கதை பேசும், கண் அடுப்பைப் பார்க்கும், கை தானாகப் பின்னிக்கொண்டிருக்கும்.

"ரெண்டே விஷயம்தான்" என்றாள் குன்னூர். "நூல் பின்னாடி இருந்தா நிட். முன்னாடி இருந்தா பர்ல். உலகத்துல இருக்கிற எல்லா டிசைனும் இந்த ரெண்டுக்குள்ளதான் இருக்கு."

உண்மைதான். எல்லா வரிசையும் நிட் போட்டால் இரண்டு பக்கமும் வரப்பு வரப்பாக வரும். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றினால் கடையில் வாங்குகிற ஸ்வெட்டர் மாதிரி வழவழப்பான முகம் கிடைக்கும், ஆனால் ஓரம் சுருண்டுகொள்ளும். ஒரே வரிசையில் ஒரு நிட், ஒரு பர்ல் என்று மாறி மாறிப் போட்டால் ரப்பர் மாதிரி இழுபடும் பட்டை வரும்.

கேட்க எளிது. நான் 30 கண்ணியில் ஆரம்பித்த ஸ்கார்ஃப், ஒரு முழம் வளர்ந்தபோது 41 கண்ணி இருந்தது. எங்கே, எப்படி 11 கண்ணி கூடியது என்று எனக்குத் தெரியவில்லை. பார்ப்பதற்குப் பட்டம் மாதிரி இருந்தது. வீசி எறிந்தேன். அவள் பொறுக்கி எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தப்பு விழுந்தா பிரி. நூல் எங்கயும் ஓடிப்போயிடாது."

துணியை வெட்டித் தைத்தால், தப்பாக வெட்டியது வெட்டியதுதான். பின்னலில் அப்படி இல்லை. ஊசியை உருவி, நூலை இழுத்தால் சர்ரென்று மறுபடியும் நூலாகிவிடும். பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, கண்டாகச் சுற்றி, அலசிக் காயப்போட்டால் அந்த நெளிவுகூடப் போய்விடும். அவள் வீட்டில் அவள் மாமாவுக்குப் பின்னிய ஸ்வெட்டர், பிறகு அவளுக்குப் பாவாடைக்கு மேல் போடும் ஸ்வெட்டராகி, அதன் பிறகு தம்பியின் குல்லாவாக ஆகியிருக்கிறது. மூன்று பேருக்கு ஒரே நூல்.

நான் அந்தப் பட்ட ஸ்கார்ஃபைப் பிரிக்கவில்லை. சோம்பேறித்தனம். அதுதான் பிறகு உதவியது.

புயலில் வந்தவள்

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். படிப்பு முடிந்து வேலைக்கு வந்து, நாங்கள் இருவரும் வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரன்ட் இல்லை. போனில் சார்ஜ் இல்லை. நியூஸ் டெஸ்க்கில் வேலை பார்க்கிற இரண்டு பேருக்கு, ஊரே செய்தியாகிக் கிடக்கும்போது ஒரு செய்தியும் தெரியாமல் உட்கார்ந்திருந்த நாள்கள் அவை.

இரண்டாம் நாள் சாயங்காலம் மாடிப்படித் திருப்பத்தில் கீச்சுக் குரல். போய்ப் பார்த்தால் உள்ளங்கை அளவு ஒரு குட்டி. வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு என மூன்று நிறமும் நனைந்து ஒட்டிக் கிடந்தது.

"பொண்ணு" என்றாள் குன்னூர், தூக்கிக்கூடப் பார்க்காமல்.

"எப்படிடி சொல்ற?"

"மூணு கலர்ல இருந்தா பொண்ணுதான்."

பிறகு படித்துப் பார்த்தேன், சரிதான். ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆரஞ்சும் கறுப்பும் ஒன்றாக வர வேண்டுமானால் இரண்டு எக்ஸ் வேண்டும். அதனால் மூவர்ணப் பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெண்கள்தான்.

பிறந்து சில வாரங்களே ஆன குட்டிகளால் தங்கள் உடம்புச் சூட்டைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள முடியாது. பசியைவிடக் குளிர்தான் அவற்றுக்கு முதல் எமன். குன்னூர் என் அலமாரியைத் திறந்து அந்தப் பட்ட ஸ்கார்ஃபை எடுத்தாள். குட்டியைத் துடைத்து, அதில் சுற்றி, தன் நைட்டிக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாள். "பார்த்தியா, நீ பின்னினது வீணாப் போகல" என்று நடுராத்திரியில் என்னை எழுப்பிச் சொன்னாள்.

மிக்ஜாம் என்று பெயர் வைத்தோம். ஒரே மாதத்தில் அது 'மிக்கி' ஆகிவிட்டது.

பூனை வளர்ப்பவர்களுக்குத் தெரியும், நாம் பூனையை வளர்ப்பதில்லை, பூனையின் வீட்டில் நாம் இருக்கிறோம். மிக்கிக்கு என் லேப்டாப் மேல்தான் தூக்கம் வரும். ஹவுஸ் ஓனர் வருகிற நாளில்தான் கதவருகே வந்து பாட்டு பாடத் தோன்றும். ஆனால், குன்னூர் ஊசியை எடுத்தால் மட்டும் மடியில் ஏறி, முன்னங்கால்களால் மாறி மாறி மாவு பிசைந்துவிட்டு, அப்படியே சுருண்டுகொள்வாள். பால்குடிக்கிற காலத்தில் தாயின் மடியைப் பிசைந்து பால் வரவழைக்கிற பழக்கம் அது. வளர்ந்த பிறகும், மனசுக்கு இதமான இடத்தில் பூனைகள் அதைச் செய்யும்.

2024 செப்டம்பரில் குன்னூர் பாரிமுனைக்குப் போய் ஐந்து உருண்டை நூல் வாங்கி வந்தாள். கத்தரிப்பூ கலர். "அம்மாயிக்கு. இந்தப் பனிக்குள்ள முடிச்சிடுவேன்."

நான்கு வரி

முடிக்கவில்லை.

அந்த நவம்பரில், மழை பெய்த ஓர் இரவு, வேலை முடிந்து வந்துகொண்டிருந்தபோது அவள் ஸ்கூட்டர் வழுக்கியது. அவ்வளவுதான். ஒன்பதரைக்கு அவள் எனக்கு அனுப்பிய கடைசி மெசேஜ்: "மிக்கிக்கு சாப்பாடு வெச்சிட்டியா?" நான் பதில் போடவில்லை. வேலையாக இருந்தேன்.

மறுநாள் அவள் நான்கு வரிச் செய்தியாக வந்தாள். நான் வேலை செய்கிற இதே டெஸ்க்கில், என் நண்பர் ஒருவர் விவரம் தெரியாமல் பதிவேற்றிய செய்தி. அதில் அவள் வயது 23 என்று இருந்தது. அவளுக்கு 24. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு போனில் அதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு அந்த ஒரு வயதுதான் பெரிய விஷயமாகப்பட்டது. டெஸ்க்குக்கு போன் செய்து, "வயசு தப்பா இருக்கு, மாத்துங்க" என்றேன். இரண்டு நிமிடத்தில் மாற்றினார்கள். மாற்றியவர் யார், நான் ஏன் கேட்டேன் என்பதெல்லாம் பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

அதற்கு முன்பு அப்படிப்பட்ட செய்திகளை ஒரு ஷிஃப்ட்டில் ஐந்தாறு பதிவேற்றுவேன். டீயைக் குடித்துக்கொண்டே செய்வேன். இப்போதும் பதிவேற்றுகிறேன், அது என் வேலை. ஆனால், வயதும் ஊரும் சரிதானா என்று ஒரு போன் போட்டுக் கேட்காமல் பட்டனை அமுக்குவதில்லை. மறுமுனையில் சில நிருபர்களுக்கு எரிச்சல் வரும். வரட்டும்.

வீட்டில் மிக்கி இரவு பத்து மணியானால் கதவுக்கு நேராகப் போய் உட்கார்ந்தாள். பதினொன்று வரை உட்காருவாள். பிறகு குன்னூரின் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்வாள். ஏறக்குறைய இரண்டு மாதங்கள் இது நடந்தது. நான் ஒருநாள்கூட அவளைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. அவளாவது காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாடா இழுத்த பாவாடை

2025 ஜனவரியில் மிக்கி சாப்பிடுவதை நிறுத்தினாள். வாந்தி எடுத்தாள். கட்டிலுக்கு அடியில் மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டாள். 'அவளுக்கும் ஏக்கம்தான்' என்று நினைத்து ஒரு நாளை வீணாக்கினேன். இரண்டாம் நாள் அவளை வெளியே எடுத்தபோது, வாயோரத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு நூல்நுனி தெரிந்தது.

கட்டிலுக்கு அடியில் இருந்த பின்னல் பையின் ஜிப் திறந்து கிடந்தது. ஒரு நூல் உருண்டை பாதி கலைந்து கிடந்தது.

நுனியைப் பிடித்து இழுக்கத்தான் கை போனது. எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்து கிளினிக் டாக்டருக்கு போன் செய்தேன்.

"இழுத்துட்டீங்களா?"

"இல்ல டாக்டர்."

"இழுக்காதீங்க. எதுவும் பண்ணாதீங்க. அப்படியே தூக்கிட்டு வாங்க."

பூனையின் நாக்கைத் தொட்டிருக்கிறீர்களா? உப்புத்தாள் மாதிரி இருக்கும். அதில் இருக்கும் குட்டிக் குட்டி முட்கள் எல்லாம் தொண்டையை நோக்கி வளைந்திருக்கும். அதனால் நூல் வாய்க்குள் போய்விட்டால் பூனை நினைத்தாலும் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ வயிற்றிலோ மாட்டிக்கொண்டு, மறுமுனை குடலுக்குள் இறங்கினால் அதுதான் ஆபத்து. குடல் தன் வேலையாக நூலைக் கீழே தள்ளப் பார்க்கும். மேல் முனை மாட்டியிருப்பதால் நூல் வராது. பதிலாக, குடல்தான் நூலின் மேல் சுருங்கிச் சுருங்கி ஏறும்.

"பாவாடை நாடாவை இழுத்தா துணி கொசகொசன்னு சுருங்கும்ல... அதே மாதிரிதான்" என்றார் டாக்டர். அந்த நிலையில் வெளியே இருக்கும் நுனியை நாம் இழுத்தால், நூல் கத்தி மாதிரி குடலை அறுத்துவிடும்.

ஆபரேஷன் செய்தார்கள். ஒரு முழத்துக்கும் மேலான நூலை எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மணி நேரத்தில்தான், குன்னூர் போன பிறகு முதல் முறையாக நான் வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் நாயோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "என்ன கண்ணு, பூனைக்கா?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்றேன். பொய் சொல்லவில்லை, பாதியைச் சொன்னேன்.

மிக்கி பிழைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்த அன்றே அந்தக் கலைந்த உருண்டையைக் குப்பையில் போட்டேன். மீதி நூல், ஊசிகள், பாதி ஸ்வெட்டர் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, பரணில் ஏற்றினேன். இனி இந்த வீட்டில் நூலே கிடையாது என்று முடிவு செய்தேன்.

வ.தோ. +4

போன அக்டோபரில் குன்னூரின் அம்மா போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அம்மாயி கேக்குது தங்கம்... அந்த ஸ்வெட்டரு என்ன ஆச்சுன்னு. பின்னப் பின்ன போட்டோ அனுப்பிட்டே இருந்துச்சில்ல பாப்பா..." என்றார்.

"முடிச்சிட்டு இருக்கேன்மா. பொங்கலுக்குள்ள கொண்டு வர்றேன்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அன்றைக்கே பெட்டியை இறக்கினேன். முதுகுப் பகுதி முடிந்திருந்தது. இடது முன்பக்கம் முடிந்திருந்தது. வலது முன்பக்கம் பாதியில் ஊசியிலேயே தொங்கியது. இரண்டு கைகள், பட்டன் பட்டை இரண்டும் பாக்கி. ஆறு பட்டன்கள் ஒரு காகிதப் பொட்டலத்தில். ஒரு டைரித் தாளில் அவள் கையெழுத்தில் கணக்கு: கண்ணிகளின் எண்ணிக்கை, எங்கே குறைக்க வேண்டும், எத்தனை வரிசை. எல்லாம் புரிந்தது, ஒன்றைத் தவிர. வலது முன்பக்கத்துக்கு நேராக 'வ.தோ. +4' என்று எழுதி வட்டம் போட்டிருந்தாள். இடது பக்கத்தைவிட நான்கு வரிசை கூடுதல். இரண்டு பக்கமும் சமமாகத்தானே இருக்க வேண்டும்? தப்பாக எழுதியிருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு, 'அவள் கணக்கில் நான் கை வைக்கக் கூடாது' என்று எழுதியபடியே போட்டேன்.

வீட்டில் மிக்கி இருப்பதால்தான் ஆபீஸில் பின்னினேன். நூல் என் டிராயரிலேயே இருக்கும், பூட்டுக்குள். கிண்டல் செய்த அதே ஆட்கள், நான் கண்ணி எண்ணும்போது சத்தம் போடாமல் நடக்கப் பழகிக்கொண்டார்கள். வலது கையை மட்டும் நான்கு முறை பிரித்தேன்.

குப்பையில் போட்ட உருண்டைக்குப் பதில் ஒன்று வேண்டுமே... பையில் இருந்த பழைய லேபிளை எடுத்துக்கொண்டு பாரிமுனைக்குப் போனேன். கடைக்காரப் பெரியவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "கலர் இருக்கு, இந்த லாட் இல்லம்மா" என்றார். கம்பளி நூலை ஒரு தொட்டியில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவாகப் பிரித்துத்தான் சாயம் போடுவார்கள். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு லாட் நம்பர். பெயர் ஒன்றுதான், ஆனால் அடுத்த தடவை சாயம் ஒரு பொட்டு கூடும், குறையும். "லைட் வெளிச்சத்துல ஒண்ணு மாதிரி தெரியும். வெயில்ல காட்டிக் குடுத்துடும்" என்றார். அதனால்தான் ஸ்வெட்டருக்கு வேண்டிய நூலை ஒரே லாட்டில், ஒரு உருண்டை கூடுதலாகவே வாங்க வேண்டும். அவள் அப்படித்தான் வாங்கியிருந்தாள். வீணாக்கியது நான்.

புது நூலை இரண்டு மணிக்கட்டுப் பட்டைக்கும், இரண்டு பட்டன் பட்டைக்கும் மட்டும் பயன்படுத்தினேன். வேண்டுமென்றே செய்த டிசைன் மாதிரி இருக்கட்டும் என்று.

"இங்க இருந்து உன் கை"

நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து பஸ். கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றிலும் குளிர் ஒரு படி ஏறியது. அந்த வாரம் தலைகுந்தா பக்கம் புல்வெளியெல்லாம் உறைபனியில் வெள்ளையாகிக் கிடப்பதாக நான்தான் செய்தி பதிவேற்றியிருந்தேன். குன்னூரில் அவ்வளவு இல்லை. ஆனாலும், வாயைத் திறந்தால் புகை வந்தது.

அம்மாயி வாசல் வெயிலில் உட்கார்ந்திருந்தார். கண் மங்கிவிட்டது. என் முகத்தைக் கையால் தடவி, "இளைச்சிட்டியே புள்ள" என்றார். அதற்கு முன் அவர் என்னைப் பார்த்தது ஒரே முறை. அது நல்ல நாள் இல்லை.

ஸ்வெட்டரை மடியில் வைத்தேன். அவர் கண்ணால் பார்க்கவில்லை. விரலால் பார்த்தார். முதுகைத் தடவினார். இடது பக்கம். வலது பக்கம் கீழிருந்து மேலே வந்த விரல், பாதியில் நின்றது.

"இங்க இருந்து உன் கை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படி அம்மாயி?"

"அவ தளர்வா பின்னுவா. பேசிக்கிட்டே பின்னுற கை. நீ நூலை இழுத்துப் புடிச்சிருக்க. பயந்து பயந்து பின்னியிருக்க."

அதற்கப்புறம் பட்டன் பட்டைக்கு வந்தார். ஒவ்வொரு பட்டன் துளையாக விரல் விட்டுப் பார்த்தார். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையே நின்றார். "இடைவெளி கூடிப்போச்சு. போட்டா வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும்."

"பரவாயில்ல அம்மாயி, தெரியாது..."

நான் சொல்லி முடிக்கும் முன்பே முடிச்சை அவிழ்த்து நூலை இழுத்துவிட்டார். சர்ரென்று பட்டை முழுவதும் கரைந்து மடியில் நூலாக விழுந்தது. இரண்டு நைட் ஷிஃப்ட் வேலை! என் முகம் போன போக்கு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"தப்பு விழுந்தா பிரிக்கணும் புள்ள. நூல் எங்க ஓடிப்போயிடப் போவுது?"

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. நான் உள்ளே போய்த் தண்ணீர் குடிப்பது மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரி அடுப்பங்கரையில், விறகுச் சூட்டில், அம்மாயி இடைவெளியை விரலால் அளந்து சொல்லச் சொல்ல நான் பின்னினேன். பாதி வரிசை அவர் வாங்கிப் பின்னினார். ஆகவே, அந்த ஸ்வெட்டரில் இப்போது மூன்று பேரின் கை இருக்கிறது.

காலையில் போட்டுப் பார்த்தார். எழுந்து நேராக நின்றபோதுதான் கவனித்தேன். அம்மாயியின் இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இல்லை. இத்தனை வருடம் கொழுந்துக்கூடை சுமந்ததில் வலது தோள் மேடு தட்டி, இடது தோள் இறங்கியிருந்தது. கடையில் வாங்குகிற எந்த ஸ்வெட்டரும் அவருக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் நிற்குமாம். இது மட்டும் கீழ்விளிம்பு ஒரே கோடாக நின்றது.

வ.தோ. வலது தோள். நான்கு வரிசை கூடுதல்.

தப்பு என்று நான் நினைத்தது, அவள் தன் அம்மாயியைப் பார்த்துப் பார்த்துப் போட்ட கணக்கு. நல்லவேளை, நான் அதைத் திருத்தவில்லை.

கிளம்பும்போது வெயிலில் அம்மாயியின் முதுகில் ஏதோ மின்னியது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு முடி, பின்னலோடு பின்னலாக. குன்னூர் பின்னும்போது மடியில் படுத்திருந்த மிக்கியினுடையது. எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன்.

"என்ன புள்ள அது?"

"பூனை முடி அம்மாயி. எங்க மிக்கியோடது."

"கெடக்கட்டும் வுடு" என்றார். "அதுவும் ஒருத்தர்தான?"

மிக்கி வீட்டு ரூல்ஸ்

பூனை இருக்கும் வீட்டில் பின்னல், தையல் வேலை செய்பவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டவை:

* நூல், ஊசியோடு கோத்த நூல், ரப்பர் பேண்ட், பரிசுப் பொட்டல ரிப்பன், பூ கட்டிய நார்... நீளமாக இருக்கிற எதையும் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். ஜிப் பை போதாது.
* நூல் உருண்டையோடு பூனை விளையாடுவது காலண்டர் படத்தில் மட்டும் இருக்கட்டும்.
* வாயிலோ பின்புறத்திலோ நூல் தெரிந்தால் இழுக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.
* சாப்பிடாமல், வாந்தியோடு, மூலையில் ஒடுங்கினால் 'ஏக்கம்' என்று என்னைப் போல ஒரு நாளை வீணாக்காதீர்கள்.
* கண்டெடுத்த குட்டிக்கு முதலில் சூடு, பிறகுதான் உணவு. பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும். குட்டிகளுக்கான பால் பவுடர் கடைகளில் கிடைக்கிறது.

வீடு திரும்பியதும் மிக்கி என் பையை முழுசாக மோந்து பார்த்தாள். பிறகு, அம்மாயி மிச்ச நூலில் அவளுக்கென்று பின்னிக் கொடுத்தனுப்பிய சின்ன விரிப்பின் மேல் ஏறி நின்று மாவு பிசைய ஆரம்பித்தாள். ஓரமெல்லாம் இறுக்கி முடிச்சுப் போட்டது, ஒரு நுனிகூட வெளியே இல்லை. 'பூனை திங்காத மாதிரி பின்னியிருக்கேன்' என்று சொல்லித்தான் கொடுத்தார். அவள் தூங்கும்போது மட்டும் விரிப்பேன், பிறகு மடித்துப் பெட்டிக்குள்.

எட்டாம் நம்பர் ஊசிகளை அம்மாயியிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "அடுத்த பனிக்கு எனக்கு ஒரு குல்லா வேணும். தளர்வா பின்னு" என்றார்.

ஆகவே மக்களே, இந்த நவம்பரிலும் நைட் ஷிஃப்ட்டில் நான் பின்னிக்கொண்டுதான் இருப்பேன். உங்கள் வீட்டுப் பரணிலும் யாரோ பாதியில் விட்டுப்போன ஒன்று இருக்கும். ஒரு பின்னல், ஒரு சமையல் குறிப்பு நோட்டு, ஒரு தோட்டத் தொட்டி... இந்த வாரம் அதை ஒருமுறை இறக்கிப் பாருங்களேன்.

அடுத்த வாரம் பார்ப்போம்!